இருநூறு மணி நேரம்

உலகம் முழுவதும் விமானிகளில் பெண்கள் 5, 6 சதவீதம்தான். இந்தியாவில் சுமார் 15 சதவீதம். ஒவ்வொரு மார்ச் 8 அன்றும் இந்த எண் நாளிதழ்களில் வந்துவிடும். கூடவே, சீருடையில் வரிசையாக நின்று சிரிக்கும் பெண் விமானிகளின் படமும் வரும். அப்படியொரு படத்தில் நானும் நின்றிருக்கிறேன். அதைப் பார்த்துவிட்டு என்னைத் தேடிவந்த விழுப்புரத்து மாணவிகள் வானத்தைப் பற்றிக் கேட்கவில்லை. உட்கார்ந்ததும் கேட்டார்கள்: "அக்கா, எவ்ளோ செலவாச்சு? காசு எப்படி வந்துச்சு?"

சரியான கேள்வி. 15 சதவீதம் என்ற எண்ணில் நமக்குப் பெருமை உண்டு. ஆனால் அந்த 15 சதவீதத்துக்குள் யார் இருக்கிறார்கள், யார் வீட்டுப் பணத்தில் வந்தார்கள் என்பதை அந்தப் படம் சொல்வதில்லை. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

முதலில் பாதையைச் சொல்லிவிடுகிறேன், படிக்கும் மாணவிகளுக்கு உதவும். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணக்கும் இருக்க வேண்டும். அரசு அங்கீகரித்த மருத்துவரிடம் இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்று, பிறகு கடுமையான முதல் வகுப்புச் சான்று. வான்வழி காணல், வானிலையியல், விமானப் போக்குவரத்து விதிகள், தொழில்நுட்பம் என்று எழுத்துத் தேர்வுகள். ஒவ்வொன்றிலும் 70 மதிப்பெண் எடுத்தால்தான் தேர்ச்சி. வானொலித் தொடர்புக்குத் தனித் தேர்வு. இவற்றோடு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் விமானத்தின் பொறுப்பு உங்களுடையதாக இருக்க வேண்டும். தனியாக 300 கடல் மைல், அதாவது ஏறக்குறைய 555 கிலோமீட்டர், வழியில் இரண்டு இடங்களில் இறங்கி ஏறிப் பறந்துவர வேண்டும். இரவில் 5 மணி நேரம். வயது 18 நிறைந்திருக்க வேண்டும். இவ்வளவும் முடித்தால் வணிக விமானி உரிமம் கிடைக்கும். ஆனால் அந்த உரிமத்தை வைத்துக்கொண்டு ஏர்பஸ்ஸையோ போயிங்கையோ தொட முடியாது. ஒவ்வொரு ரக விமானத்துக்கும் 'டைப் ரேட்டிங்' என்று தனிப் பயிற்சி உண்டு.

உரிமத்துக்கு இன்று 40 லட்சத்திலிருந்து 60 லட்சம் வரை ஆகிறது. டைப் ரேட்டிங்குக்கு மேலும் 15 லட்சம், அதற்கு மேலும்கூட ஆகலாம். பாதை இவ்வளவுதான். விதிகளில் எங்கேயும் ஆண், பெண் என்ற வேறுபாடு இல்லை. வேறுபாடெல்லாம் விதிகளுக்கு வெளியே இருக்கிறது.

என் அப்பா அரசுப் பேருந்து ஓட்டுநர். விழுப்புரம் பணிமனை. அம்மா திண்டிவனம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். மூன்று அண்ணன்களுக்குப் பிறகு ஒரே பெண். தாத்தா இறந்த பிறகு 2015இல் மாமாக்கள் பாகம் பிரித்தார்கள். எங்கள் பக்கத்தில் பாகப்பிரிவினை என்றால் ஒரு வழக்கம் இருக்கிறது. பிள்ளைகள் பிரித்துக்கொள்வார்கள், பெண்ணைக் கூப்பிட்டு 'விடுதலைப் பத்திரம்' என்ற தாளில் கையெழுத்து வாங்குவார்கள். எனக்கு எந்தப் பங்கும் வேண்டாம், மனப்பூர்வமாக விட்டுக்கொடுக்கிறேன் என்று அந்தத் தாள் சொல்லும். பதிலுக்கு ஒரு பட்டுப்புடவை, ஐந்து பவுனோ பத்தாயிரம் ரூபாயோ, எல்லாவற்றுக்கும் மேலாகத் 'தாய்வீடு' தொடர்ந்து திறந்திருக்கும் என்ற உறுதி. விடுதலை யாருக்கு என்று யாரும் கேட்பதில்லை.

அம்மா கையெழுத்துப் போடவில்லை. பத்திர அலுவலகத்துக்கு வரச் சொன்ன நாளில் வீட்டிலேயே இருந்தார். பெரிய மாமா போனில், "இன்னாம்மா, கூடப்பொறந்தவங்க மேலயே கேஸு போடப்போறியா?" என்று கேட்டார். "கேஸு எதுக்குண்ணா? சட்டத்துல எனக்கு இருக்கிறத குடுத்தா போதும்" என்றார் அம்மா. அதற்கு முன் அம்மா தன் அண்ணனிடம் 'சட்டம்' என்ற சொல்லைப் பயன்படுத்தி நான் கேட்டதில்லை.

அந்தச் சட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் மாகாண சுயமரியாதை மாநாட்டில் பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். சரியாக 60 ஆண்டுகள் கழித்து, 1989இல், தமிழ்நாடு அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்திப் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கைத் தந்தது. 1989 மார்ச் 25க்கு முன்பே திருமணமாகிவிட்ட பெண்களுக்கு அது பொருந்தாது. அம்மாவுக்குக் கல்யாணம் நடந்தது 1994இல். அம்மாவின் பெரியப்பா மகள் 1987இல் கட்டிக்கொடுக்கப்பட்டவர். திருத்தம் வந்தபோது அவருக்கு ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள், கல்யாணத் தேதிதான் வேறு. 2005இல் ஒன்றிய அரசின் திருத்தம் வந்துதான் அந்தத் தடை போனது.

ஆயா மகன்கள் முன்னால் எதுவும் பேசவில்லை. ஆனால் அம்மா ஊருக்குப் போயிருந்த ஒரு நாள் ராத்திரி, பக்கத்தில் படுத்துக்கொண்டு, "கையெழுத்துப் போட்டுடாதடி. நான் போட்டுட்டு இத்தினி வருசமா பார்த்துக்கினு இருக்கிறேன்" என்றாராம். ஆயாவின் பிறந்த வீட்டு நிலம் வீடூர் அணை வாய்க்கால் ஓரம். அதை அவர் எந்த வருடம் எழுதிக்கொடுத்தார் என்பது அவருக்கே நினைவில்லை.

பேச்சுவார்த்தை, பஞ்சாயத்து, வக்கீல் நோட்டீஸ் எல்லாம் முடிந்து அம்மாவுக்கு வந்தது 1 ஏக்கர் 10 சென்ட். மல்லாட்டை போட்டுக்கொண்டிருந்த மானாவாரி நிலம். நெடுஞ்சாலை அகலமானதால் விலை ஏறியிருந்தது. 2017இல் 35 லட்சத்துச் சொச்சத்துக்குப் போயிற்று. நான் அப்போதுதான் அரசுக் கலைக் கல்லூரியில் இயற்பியல் முடித்திருந்தேன். அந்தப் பணத்தை என் கல்யாணத்துக்கு வைக்க வேண்டும் என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. அப்பாவே ஒரு வாரம் பேசாமல் இருந்தார். பிறகு, "உங்கம்மா நெலம். அவ இஷ்டம்" என்று சொல்லிவிட்டார். அப்பாவை நான் முழுமனதாக மதித்த நாள் அது. தன்னுடையதல்லாத ஒன்றைத் தன்னுடையதல்ல என்று ஒப்புக்கொள்ளும் ஆண்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். 110 சென்டை 200 மணி நேரத்தால் வகுத்தால், நான் வானத்தில் இருந்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அரை சென்டுக்குச் சற்று அதிகமான நிலம் ஆகிறது. ஏறக்குறைய 240 சதுர அடி, ஒரு கூடம் அளவு. பயிற்சியில் இறங்கும்போது விமானம் ஒருமுறை தூக்கிப்போட்டால், "இன்னொரு சுற்றுப் போகலாம்" என்பார் ஆசிரியர். வசதியான வீட்டுப் பையன்கள் உற்சாகமாகப் போவார்கள். எனக்கு அந்தச் சுற்று எத்தனை சதுர அடி என்று மனம் கணக்குப் போடும்.

தேர்வுகளைப் பொறுத்தவரை ஊரில் எல்லோரும் பயமுறுத்தியது ஆங்கிலத்தைக் காட்டித்தான். பன்னிரண்டாம் வகுப்புவரை நான் தமிழ்வழி. வகுப்பில் முதல் இரண்டு மாதம் கஷ்டமாகத்தான் இருந்தது. பிறகுதான் ஒன்று புரிந்தது. திசைவேகமும் உந்தமும் அழுத்தமும் எனக்கு ஏற்கெனவே தெரிந்தவை. சொல்தான் மாற வேண்டியிருந்தது, பொருள் அல்ல. நகர்ப்புறத்து ஆங்கிலவழிப் பிள்ளைகளில் சிலருக்குச் சொல் இருந்தது, பொருள் இல்லை. அவர்களுக்கு வெக்டர் கணக்கு நான் சொல்லிக்கொடுத்தேன். அவர்கள் எனக்கு வானொலியில் பேசும் ஆங்கிலத்தைச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த ஆங்கிலமும் ஷேக்ஸ்பியர் ஆங்கிலம் அல்ல. அளந்து வைத்த சில நூறு சொற்றொடர்கள். விமானிக்குக் கேட்கப்படும் சர்வதேச ஆங்கிலத் தகுதி நான்காம் நிலை. உச்சரிப்பில் ஊர்வாசம் இருக்கலாம், கேட்பவருக்குக் குழப்பம் வரக் கூடாது, அவ்வளவுதான். தமிழ்வழிப் பெண்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்க வேண்டும்.

வானிலையியலில் எனக்கு ஆசிரியர் தானே புயல். 2011 டிசம்பர் 30 விடிகாலை அது கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது, அரையாண்டு விடுமுறைக்கு நான் ஆயா வீட்டில் இருந்தேன். ராத்திரி முழுக்க ஓடு பறந்துகொண்டிருந்தது. ஆயா இருட்டில் உட்கார்ந்தபடி காற்றைச் சொல்லிக்கொண்டே இருந்தார்: முதலில் வாடைப்பக்கமிருந்து வந்தது, இப்போது கொண்டல், இனித் தெற்கே திரும்பினால் விட்டுவிடும். ஏழு ஆண்டு கழித்து வகுப்பில் பைஸ் பாலட் விதி வந்தது. வட அரைக்கோளத்தில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால், தாழ்வழுத்தம் உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கும். காகிதத்தில் வரைந்து பார்த்தேன். புயல் நமக்குத் தெற்கே கரையேறி மேற்கே போனால், நம் ஊரில் காற்று வடகிழக்கு, கிழக்கு, தென்கிழக்கு என்று திரும்பும். ஆயா சொன்ன அதே வரிசை. அவர் பள்ளிக்கூடம் போகாதவர். நிலத்தையும் வானத்தையும் படித்திருந்தார். நிலம் அவர் பெயரில் இல்லை.

பறக்கும் பயிற்சிக்கு நான் போனது மகாராஷ்டிரத்தில் ஒரு சிறிய ஊர். நாற்பது மாணவர்களில் பெண்கள் மூவர். 12 மாதத்தில் முடியும் என்றுதான் பணம் கட்டினோம். 23 மாதம் ஆனது. விமானம் பழுது, பயிற்சியாளர் வேறு வேலைக்குப் போய்விட்டார், மழை என்று நாட்கள் கழியும். தங்கும் செலவும் சாப்பாட்டுச் செலவும் கழியாது. இது அந்த ஒரு இடத்தின் கதை மட்டும் இல்லை. பிற இடங்களில் படித்த தோழிகளும் இதையே சொல்வார்கள். சேருவதற்கு முன் ஒரு பள்ளியில் எத்தனை விமானங்கள் இன்று பறக்கும் நிலையில் இருக்கின்றன, ஒரு மாணவிக்கு மாதம் எத்தனை மணி நேரம் கிடைக்கிறது என்று அங்கே படித்துக்கொண்டிருப்பவர்களிடமே கேளுங்கள். விளம்பரத் தாளிடம் கேட்காதீர்கள்.

செஸ்னா 172 நான்கு பேர் உட்காரும் விமானம். நான் 5 அடி 1 அங்குலம். இருக்கையை எவ்வளவு முன்னே தள்ளினாலும், ரடர் மிதியை முழுவதும் அழுத்தினால் முன்கண்ணாடி வழியே ஓடுதளம் தெரியாது. ஓடுதளம் தெரிய நிமிர்ந்தால் மிதி எட்டாது. முதுகுக்கு ஒன்றும் அடியில் ஒன்றுமாக இரண்டு திண்டு வைத்துக்கொண்டேன். "தலையணையோட வர்றா பாரு, தூங்கப்போறா" என்று பையன்கள் சிரித்தார்கள். பொதுவாக, விமானி அறைகள் ஆண் உடலின் அளவை மனதில் வைத்தே வரையப்பட்டு வந்தவை. குறை என் உயரத்தில் இல்லை, வரைந்தவரின் அளவுகோலில். திண்டு வைப்பது அந்த அளவுகோலைத் திருத்துவது.

பறப்பதற்கு முன் விமானத்தைச் சுற்றிவந்து கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். எரிபொருளை ஒரு சிறு குழாயில் வடித்துத் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பது, எண்ணெய், டயர், இறக்கையின் அசையும் பாகங்கள், காற்றுவேகம் அளக்கும் குழலில் பூச்சி கூடு கட்டியிருக்கிறதா என்பதுவரை. இது எனக்குப் புதிதாக இல்லை. அப்பா பேருந்தை எடுக்கும் முன் ஒருமுறை சுற்றிவந்து ஒவ்வொரு சக்கரத்தையும் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். முன்னால் ஓட்டிவந்தவர் 'எல்லாம் சரி' என்று சொன்னாலும் கேட்பார். அது அவநம்பிக்கை இல்லை, ஐம்பது உயிரின் கணக்கு.

பதினெட்டாவது மணி நேரத்தில் முதல் சோலோ. பயிற்சியாளர் இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு நடந்தார். அவருடைய எடை இல்லாததால் விமானம் நான் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் எழும்பியது. அந்த வித்தியாசத்தை உடல் உணர்ந்தபோதுதான், பக்கத்து இருக்கை காலி என்பது உறைத்தது. ஒரு சுற்று, ஆறேழு நிமிடம். ஓட்டுவதைத் தவிர வேறு எந்த நினைப்பும் வரவில்லை. இறங்கியதும் வழக்கப்படி தலையில் வாளித் தண்ணீரைக் கொட்டினார்கள். ஈரச் சட்டையோடு நின்றபோது ஒன்று தோன்றியது: 21 வயதுவரை, பக்கத்தில் யாரும் இல்லாமல் நான் எங்கேயும் அனுப்பப்பட்டதில்லை. விழுப்புரம் ரயிலடிக்குக்கூடத் தம்பி கூட வருவான். அவன் என்னைவிட ஆறு வயது சின்னவன்.

பெண்களுக்கென்று அந்த ஓடுதளத்தில் கழிப்பறை இல்லை. காலை ஆறு மணிக்கு வந்தால் பகல் இரண்டு மணிவரை நாங்கள் மூவரும் தண்ணீர் குடிக்க மாட்டோம். மே மாத வெயிலில், மூடிய கண்ணாடிக்குள், நீர் வற்றிய உடலோடு விமானம் ஓட்டுவது பாதுகாப்புப் பிரச்சினை. கவனம் சிதறும், தலை சுற்றும். மாதவிடாய் நாட்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 'அதுக்கெல்லாம் லீவு எடுத்துக்கோங்க' என்றார்கள். லீவு எடுத்தால் உங்கள் விமான நேரம் அடுத்தவனுக்குப் போய்விடும். நாங்கள் மூவரும் சேர்ந்து கடிதம் எழுதினோம். வசதிக் குறைவு என்று எழுதாமல், விமானப் பாதுகாப்பு என்று தலைப்பிட்டு எழுதினோம். ஐந்து மாதம் கழித்து ஒரு கழிப்பறையும் சாவியும் வந்தன. அந்தத் தலைப்பு இல்லாவிட்டால் வந்திருக்காது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

நமக்கு முன்னால் போனவர்களின் கதையை அந்த விடுதியில்தான் தேடிப் படித்தேன். 1936இல் லாகூரில் சரளா தக்ரால் ஜிப்ஸி மாத் விமானத்தைப் புடவையோடு ஓட்டினார். வயது 21, கையில் நான்கு வயது மகள். 1947இல் வணிக விமானி உரிமம் பெற்ற பிரேம் மாத்தூரை எட்டு நிறுவனங்கள் திருப்பி அனுப்பின. ஹைதராபாத்தின் டெக்கான் ஏர்வேஸ்தான் எடுத்துக்கொண்டது. துர்பா பானர்ஜி 1966இல் இந்தியன் ஏர்லைன்ஸில் சேர்ந்தார். நம் சென்னையின் உஷா சுந்தரம், 1951இல் கணவர் கேப்டன் வி. சுந்தரத்துடன் சேர்ந்து மதராஸ் அரசுக்காக டவ் விமானம் ஒன்றை லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டிவந்தார். அந்தத் தம்பதியை இன்று சென்னைக்குத் தெரிவது ப்ளூ கிராஸ் அமைப்பைத் தொடங்கியவர்களாகத்தான். பெண்ணால் விமானம் ஓட்ட முடியுமா என்ற கேள்விக்கு எண்பது, தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே பதில் வந்துவிட்டது. ஆனாலும் எங்கள் தெருவில், "ஏம்மா, நீ ஏரோப்ளேனு ஓட்டப்போறியாமே? நெசமாவா?" என்று புதிதாகக் கேட்டார்கள். ஒவ்வொரு பெண்ணையும் முதல் பெண்ணாக்கிப் பார்ப்பதில் ஒரு வசதி இருக்கிறது. முன்னால் வந்தவர்களை மறந்துவிடலாம். அடுத்து வருபவருக்கு வழி போடாமலும் இருந்துவிடலாம்.

2018இல் ஆயா இறந்தபோது நான் இரவுப் பறப்புப் பயிற்சியில் இருந்தேன். அம்மா மட்டும் போனார். யாரும் தடுக்கவில்லை, யாரும் பேசவும் இல்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு அழைப்பு வரவில்லை. அம்மா இதை என்னிடம் சொன்னது இரண்டு ஆண்டு கழித்து. சொத்துரிமையைப் பற்றிப் பேசும்போது நாம் சட்டத்தைச் சொல்கிறோம். தாய்வீடு போய்விடும் என்ற பயத்தைச் சொல்வதில்லை. கட்டிக்கொடுத்த இடத்தில் அடி விழுந்தால் ஓடிவர ஓர் இடம் வேண்டுமே என்றுதான் பெண்கள் அந்தத் தாளில் கையெழுத்துப் போடுகிறார்கள். அவர்களை அறியாதவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அம்மாவால் மறுக்க முடிந்ததற்கு அவருடைய துணிச்சல் ஒரு காரணம். ஓடிவர வேண்டிய நிலையில் அவரை வைக்காத அப்பா இன்னொரு காரணம்.

2019 டிசம்பரில் உரிமம் கைக்கு வந்தது. அந்த ஏப்ரலில்தான் ஜெட் ஏர்வேஸ் நின்றுபோய், ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்த விமானிகளே வேலை தேடிக்கொண்டிருந்தார்கள். அடுத்த மார்ச்சில் கொரோனா. 2020 மார்ச் 25 முதல் இரண்டு மாதம் நாட்டில் உள்நாட்டுப் பயணிகள் விமானமே ஓடவில்லை. நான் விழுப்புரத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்தேன். விமானி உரிமத்தைச் சான்றிதழ்போலப் பெட்டியில் பூட்டி வைக்க முடியாது. மருத்துவச் சான்றும் கருவிப் பறப்புத் தகுதியும் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும், ஒவ்வொன்றுக்கும் செலவு. டியூஷன் பணம் அங்கேதான் போனது. அந்த இரண்டரை ஆண்டில் என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் ஐந்து பேர். ஐந்து பேரும் கேட்ட கேள்வி ஒன்றே: "வேலை கெடைச்சாலும் போகணுமா?"

2022இல் விமான நிறுவனங்கள் மறுபடி ஆள் எடுக்கத் தொடங்கின. ஒரு நேர்காணலில், கல்யாணம் எப்போது, குழந்தை எப்போது என்று கேட்டார்கள். எனக்கு முன்னால் உள்ளே போய்வந்த பையனிடம் கேட்டேன். அவனுடைய கல்யாணத்தைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. வேறொரு நிறுவனத்தில் எடுத்துக்கொண்டார்கள். டைப் ரேட்டிங் பணத்துக்கு வங்கிக்குப் போனோம். கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் சொத்து அடமானம் வேண்டும். அப்பா கட்டிய வீட்டின் பத்திரம் அதற்குப் போனது. அதிகாரி என்னை விட்டுவிட்டுத் தம்பியைப் பார்த்து, "நீங்க ஜாமீன் போடுவீங்கல்ல?" என்று கேட்டார். அவன் அப்போது கல்லூரி இரண்டாம் ஆண்டு, ஒரு ரூபாய் சம்பாதிக்காதவன்.

டைப் ரேட்டிங்கில் எனக்குக் கிடைத்த பெரிய பாடம் பொத்தான்களைப் பற்றியது இல்லை. 1977 மார்ச் 27 அன்று டெனெரிஃப் தீவில் மூடுபனியில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுதளத்திலேயே மோதி 583 பேர் இறந்தார்கள். ஒரு விமானத்தின் பொறியாளர், எதிரே இருந்த விமானம் விலகிவிட்டதா என்று சந்தேகம் எழுப்பினார். மூத்த கேப்டன் அழுத்தமாக 'ஆம்' என்றார். அதற்கு மேல் யாரும் பேசவில்லை. அதுபோன்ற விபத்துகளிலிருந்துதான் விமானத் துறை ஒன்றைக் கற்றுக்கொண்டது: இளையவர் வாயை மூடிக்கொண்டால் எல்லோரும் சாவார்கள். இப்போது அது பாடத்திட்டம். கேப்டன் தவறு செய்தால் சொல்ல வேண்டும். கேட்காவிட்டால் மறுபடி சொல்ல வேண்டும். அப்போதும் கேட்காவிட்டால் கட்டுப்பாட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் மதிப்பெண் குறையும்.

பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே, ஆம்பளைங்க முடிவெடுத்தா சரியாத்தான் இருக்கும் என்று கேட்டு வளர்ந்த எனக்கு, சிமுலேட்டரில் முதல்முறை 55 வயதுக் கேப்டனைப் பார்த்து, "சார், வேகம் குறைகிறது, மேலே எழுப்புங்கள்" என்று குரலை உயர்த்தியபோது உள்ளங்கை வியர்த்தது. அவர் வேண்டுமென்றே அந்தத் தவறைச் செய்திருந்தார். முடிந்ததும், "இரண்டு வினாடி முன்னாலேயே சொல்லியிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். நம் வீடுகளில் பெண் பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டதால் நடந்த விபத்துகளுக்குக் கணக்கெடுப்பு இல்லை. இருந்திருந்தால் அங்கேயும் பாடத்திட்டம் மாறியிருக்கும்.

இப்போது துணை விமானியாக 1,400 மணி நேரத்தைத் தாண்டிவிட்டேன். 1,500 ஆனதும் கேப்டனாவதற்கான உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். வீட்டுப் பத்திரத்தை மீட்க இன்னும் நான்கு ஆண்டு தவணை இருக்கிறது. சென்னையிலிருந்து தெற்கே போகும்போது, வானம் தெளிவாக இருந்தால், இடப்பக்கம் மரக்காணம் உப்பளமும் கழுவெளியும், வலப்பக்கம் செஞ்சி மலையும் தெரியும். நடுவில் எங்கேயோ அந்த 1 ஏக்கர் 10 சென்ட். இப்போது அங்கே மனைப்பிரிவுக் கற்கள் நட்டிருக்கிறார்கள். மேலிருந்து பார்த்தால் யார் பெயரில் எது என்று தெரியாது.

கீழே நன்றாகவே தெரியும். பன்னிரண்டாம் வகுப்பில் என்னைவிட இயற்பியலில் அதிக மதிப்பெண் எடுத்த தோழி, ஊருக்கு வெளியே இருந்த குடியிருப்பிலிருந்து வந்தவள். அவளுடைய அம்மாவுக்கு எந்தச் சட்டம் வந்தாலும் பாகம் கேட்க நிலம் இல்லை. செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமன்ஹீர் கொடுத்த அறிக்கைக்குப் பிறகு 1892இல் ஆங்கில அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கென ஒதுக்கத் தொடங்கிய பஞ்சமி நிலம் எங்கள் பக்கத்திலும் உண்டு. அது யார் கைக்குப் போனது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டார்கள். நான் நிலமுள்ள சாதியில் பிறந்தவள். பெண் என்பதால் அம்மாவுக்கு மறுக்கப்பட்டதைச் சட்டம் மீட்டுத்தந்தது. சாதியால் அவளுடைய குடும்பத்துக்கு மறுக்கப்பட்டதை எதுவும் மீட்டுத்தரவில்லை. தனியார் பறக்கும் பள்ளியில் சேரும் பட்டியல் சாதி மாணவருக்கு ஒன்றிய அரசின் உயர்தரக் கல்வி உதவித்தொகையில் வைத்திருந்த உச்சவரம்பு ஆண்டுக்கு 3.72 லட்சம் ரூபாய். 40 லட்சத்துக்கு முன்னால் அதை வைத்துப் பாருங்கள். அவள் இன்று முண்டியம்பாக்கத்தில் செவிலியர். நல்ல செவிலியர். ஆனால் அவள் தேர்ந்தெடுத்ததா அது என்று கேட்டால், "எனக்கு யாரும் லிஸ்ட்டு நீட்டலையே, தேர்ந்தெடுக்க" என்பாள்.

அதனால் என்னைத் தேடிவரும் மாணவிகளிடம் 'கனவு காணுங்கள்' என்று நான் சொல்வதில்லை. மூன்று விஷயம் சொல்கிறேன். இயற்பியலையும் கணக்கையும் விடாதீர்கள். பணம் கட்டும் முன் முதல் வகுப்பு மருத்துவச் சான்றை வாங்கிவிடுங்கள், கண்ணிலோ காதிலோ சிக்கல் இருந்தால் செலவுக்கு முன்பே தெரிந்துவிடும். மூன்றாவது, உங்கள் அம்மாவிடம் போய் அவர் எந்தத் தாளிலாவது கையெழுத்துப் போட்டிருக்கிறாரா என்று கேளுங்கள். போடாமல் இருந்தால், போட வேண்டாம் என்று சொல்லுங்கள். போட்டிருந்தால் சண்டை போடாதீர்கள். ஏன் போட்டார் என்று உட்கார்ந்து கேளுங்கள்.

போன மாதம் இதைத் திண்டிவனத்தில் ஒரு பள்ளியில் சொன்னபோது, பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து, "நெலமே இல்லாதவங்க இன்னாக்கா பண்றது?" என்று கேட்டாள். உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் ஒன்று கிடக்கிறது. அதை உயிர்ப்பிப்பது பற்றி அவ்வப்போது பேச்சு வருகிறது. அங்கே அரசே ஒரு பறக்கும் பள்ளி நடத்த வேண்டும், அரசு மருத்துவக் கல்லூரிபோல அரசுக் கட்டணத்தில், இடஒதுக்கீட்டோடு. மருத்துவத்துக்கு இதைக் கேட்டு வாங்கிய மாநிலம்தானே இது? இதைத்தான் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். "அது எப்பக்கா வரும்?" என்றாள். கேட்டால்தான் வரும் என்றேன். அவள் உட்காரவில்லை. "யார்கிட்ட கேக்கணும்னு சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்று நோட்டைத் திறந்தாள்.